அந்தக் கதாநாயகன் நான்தான்

நாவல் படிப்பவர்களில் ஓர் இனம் உண்டு. இவர்கள் கதையைப் படிப்பதில்லை. அதற்குள் தங்களைத் தேடுகிறார்கள். எழுதியவர் தங்களோடு படித்தவராகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் அந்த இனத்தில் அசல் வித்து. தன் வகுப்பில் படித்த பெண் நாவல் எழுதியிருக்கிறாள், அதுவும் கல்லூரிக் காதலையும் படிப்பு முடிந்து ஆளுக்கொரு திசையில் வேலை தேடி அலைந்ததையும் எழுதியிருக்கிறாள் என்று காதில் விழுந்ததுதான் தாமதம், நட்டநடுப் பகலில் கடையைச் சாத்திவிட்டு ஓடிப்போய் வாங்கிவந்தார். கதாநாயகன் கவிதை எழுதுவான். இவர் ஒரு கவிதையைப் பார்த்து எழுதியிருக்கிறார். அவனுக்குக் கன்னத்தில் மச்சம், இவருக்கு முதுகில். நாசூக்காக இடம் மாற்றியிருக்கிறாள். வேறென்ன சாட்சி வேண்டும்?

அன்றிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. கண் சோதிக்க வந்தவர்களிடம் காதலர்கள் பிரியும் பக்கத்தை நீட்டி வாசிக்கச் சொன்னார். ஒரு பெண்ணின் மனதை உடைத்துவிட்டேனே என்று மைத்துனரிடம் பெருமூச்சு விட்டார். எப்போது உடைத்தீர்கள் என்று அவர் கேட்டதற்கு, தனக்கே இப்போதுதான் தெரியும் என்றார்.

மனைவியிடம் குற்றவாளி முகத்தோடு புத்தகத்தைக் கொடுத்தார். அழுவாள் என்று பயந்தார். கொஞ்சம் ஆசையும் பட்டார். அவளோ அடுப்பு வேலைக்கு நடுவே படித்து முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"நல்லா இருக்குங்க. ஆனா இது நீங்க இல்ல."

"எப்படிச் சொல்றே?"

"அவ பேசும்போது இவன் காதுகொடுத்துக் கேக்குறானே."

சுருக்கென்றது. விடுவாரா? எழுத்தாளர் வாசகர்களைச் சந்திக்கும் கூட்டத்துக்கு மனைவியையும் இழுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றார். தன் நாற்காலிக்குப் பின்னால் தன் கணவர் நிற்க, கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த எழுத்தாளர் நிமிர்ந்து பார்த்தார்.

"பேரு என்னன்னு எழுதணும் சார்?"

இவர் கல்லூரியைச் சொன்னார். வகுப்பைச் சொன்னார். கடைசி பெஞ்சு என்றார். எழுத்தாளர் மரியாதைக்குக் கொஞ்சம் யோசித்தார்.

"அப்படியா? நாம ஒரே வகுப்பா?"

மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை, பாவமாக இருந்தது. புத்தகத்தை வாங்கித் தன் பெயரை எழுதச் சொன்னாள். திரும்பும் வழியில் பஸ்ஸில் ஆறுதலாக அவர் கையைப் பிடித்தாள். அவர் அவள் காதருகே குனிந்தார்.

"பாத்தியா, புருஷன் நிக்கிறாருன்னு என்னமா நடிக்கிறா."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சரி, இந்தப் பயல் நம்மைத்தான் மனதில் வைத்து எழுதியிருக்கிறானோ என்று நடுவில் ஒருமுறை நிமிர்ந்து உட்கார்ந்தீர்களே, அது ஏன்? சத்தியமாக உங்களை எனக்குத் தெரியாது. சொன்னால் நம்பவா போகிறீர்கள்?