வால்வைப் பூட்டியது குறித்து மாப்பிள்ளைக்கு ஒரு விளக்கம்

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளைக்கு,

நான் நலம். அங்கே நீங்களும் என் மகளும், ஞாயிறு முதல் உங்களோடு தங்கியிருக்கும் உங்கள் மாமியாரும் நலம்தானே. அவள் தன் தரப்பை இதற்குள் நாலைந்து முறை சொல்லியிருப்பாள். என் தரப்பையும் படித்துவிட்டு, நல்லபடியாகப் பேசி அவளை அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.

காகித ஆலையில் முப்பத்திரண்டு வருடம் வால்வுப் பிரிவு ஃபோர்மேனாக இருந்தவன் நான். குளியலறையில் தண்ணீர் ஊசியாய்க் குத்துகிறது என்று முதலில் சொன்னது அவள்தான். ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு வால்வு போடலாம் என்று பழைய இரும்புக் கடைக்குப் போனேன். "கண்ணுக்குப் பெரிசா இருக்குன்னு வாங்காதே, எவ்வளவு தண்ணி போகணும்னு பாத்து வாங்கு" என்று எத்தனையோ பேரை அதட்டியவன், ஆலை கழித்துப்போட்ட ரெண்டு அங்குல வால்வைக் கண்டதும் மயங்கிவிட்டேன். மொட்டைமாடித் தொட்டிக்குப் பக்கத்தில், முக்கால் அங்குலக் குழாயில் அதை மாட்டினேன். மயிரிழை திறந்தால் பழையபடி குத்தும், அதில் பாதி மூடினால் சொட்டும். கீழேயிருந்து அவள் "கூட்டுங்க", "குறைங்க" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம். போதாததற்குக் கைப்பிடித் தண்டைச் சுற்றிக் கசிவு வேறு.

கசிவை அப்படியே விட எனக்கு மனசு வருமா, சொல்லுங்கள். ஞாயிறு காலை முறைப்படி வால்வை மூடினேன், பூட்டுப் போட்டேன், சாவியைச் சட்டைப் பையில் வைத்தேன், "தொடாதே, ஆள் வேலை செய்கிறார்" என்று சிவப்பு அட்டையும் தொங்கவிட்டேன். தண்டைச் சுற்றி அடைக்கிற கயிறு வாங்கக் கடைக்குப் போனால், கடைக்காரர் எந்தக் கயிறு நல்லது என்று என்னிடமே வாதம் செய்கிறார். விட முடியுமா, அதிலேயே ஒரு மணி நேரம் போய்விட்டது. திரும்பி வந்தால் மாடியில் உங்கள் மாமியார். தலையெல்லாம் ஷாம்பு காய்ந்து வெள்ளையாக நிற்கிறது, கண் சிவந்திருக்கிறது, கையில் என் அட்டை.

"ஆள் வேலை செய்யறார்னு போட்டிருக்கே, எந்த ஆள்? நானும் ரொம்ப நேரமாத் தேடறேன்" என்றாள். அவ்வளவுதான். குடிதண்ணீரை எடுத்துத் தலையை அலசிக்கொண்டு பையைத் தூக்கிவிட்டாள். நான் செய்தது அத்தனையும் முறைப்படிதான் என்பதை நீங்களாவது அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

நீங்கள் இருவரும் குறையொன்றுமில்லாமல் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: மேலே எழுதியதை அவளிடம் காட்ட வேண்டாம், கிழித்துவிடுங்கள். பூட்டுவதற்கு முன், அந்தக் குழாயை நம்பி யார் இருக்கிறார்கள் என்று பார்த்து அவர்களிடம் சொல்லிவிட வேண்டும். அதுதான் முதல் விதி. ஆலையில் ஒரு நாள்கூட நான் அதை மறந்ததில்லை. வீட்டில் இருப்பது ஒரே ஒருத்தி, அவளிடம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலை முதல் பேருந்தில் வருகிறேன், அவள் என்னோடு வர வேண்டுமென்றில்லை. நான் வருவதை மட்டும் இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள்.