துரையின் பல்செட்டும் முப்பத்திரண்டாம் பக்கமும்

கடலூர் நீதிமன்றத்தில் முப்பத்தைந்து வருஷம் கோப்புகளைக் கட்டி அவிழ்த்து ஓய்வுபெற்ற சபாபதி, 'பழங்குற்ற ஆராய்ச்சி' என்று ஒரு காலாண்டிதழ் நடத்திவந்தார். வெள்ளைக்காரன் காலத்துத் திருட்டு, புரட்டு, கொலை தவிர வேறெதையும் அந்த இதழ் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. சந்தாதாரர்கள் நூற்றுநாற்பது பேர். பதினோரு வருஷத்தில் அதில் ஒருவராவது ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு நாலு வரி எழுதியது கிடையாது. வாட்ஸ்அப் குழுவில் மட்டும் அட்டைப்படத்தைப் போட்ட மறுநிமிஷம், 'ஆழமான ஆய்வு ஐயா' என்று முப்பது கும்பிடு வந்து விழும். அதற்குப் பிறகுதான் அவர் இதழை அச்சுக்கே அனுப்புவார்.

இந்தத் தடவை அட்டைப்படத்தைப் போடவே அவர் யோசித்தார். காரணம் இருந்தது.

1931இல் சிதம்பரத்துக்கு முகாம் வந்த ஒரு வெள்ளைக்கார நீதிபதி, பயணியர் பங்களாவில் கண்ணாடி டம்ளரில் கழற்றிவைத்த பல்செட் களவுபோனது. பல்லில்லாமல் துரை சொன்ன தீர்ப்பில் யாருக்கு ஜெயில், யாருக்கு விடுதலை என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. ஒன்பது நாள் கோர்ட் மூடிக் கிடந்தது. திருடன் அகப்படவேயில்லை.

சபாபதி நாலு வருஷம் பழைய கட்டுகளைப் புரட்டி அவனைக் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்த பிறகுதான், ஏன் கண்டுபிடித்தோம் என்றாகிவிட்டது. திருடன், துரையின் டவாலிச் சேவகன் சுப்புராயன். சபாபதியின் சொந்தத் தாத்தா. வீட்டுப் பரணில் கிடந்த தகரப்பெட்டியைத் திறந்தால், உள்ளே பல்செட் அவரைப் பார்த்துச் சிரித்தது.

மூன்று மாதம் தூக்கமில்லை. எழுதினால் குடும்ப மானம் போகும், எழுதாவிட்டால் ஆராய்ச்சி பொய்யாகும். கடைசியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கடைசிப் பக்கமான முப்பத்திரண்டில், 'அந்தத் திருடர் என் தாத்தாவே' என்று எழுதி அருள்முருகனின் அச்சகத்தில் கொடுத்துவிட்டார். அச்சாகி வந்த கட்டைப் பிரித்தபோது கடைசிப் பக்கத்தைத் திறந்துபார்க்கத் தெம்பில்லை. விலாசத்தை ஒட்டித் தபாலில் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

நாலாம் நாள் சிதம்பரத்திலிருந்து ராமாமிர்தம் என்ற சந்தாதாரர் போன் செய்தார்.

"சார், அந்தப் பல்லைத் திருடுனது எங்க பெரிய தாத்தாதான். ரொம்ப நன்றி சார்!"

சபாபதி எழுந்து உட்கார்ந்தார். "நீங்க கட்டுரையைப் படிச்சீங்களா?"

"தலைப்பைப் படிச்சேன். அதுலயே எல்லாம் வெளங்கிப்போச்சு."

விஷயம் இதுதான். பல்செட் களவைப் பெரிதாகப் போட்டிருந்த அட்டைப்படம் கைமாறிக் கைமாறி, 'மறைந்திருக்கும் மாவீரர்களைக் கண்டறியும் தனிப்பிரிவு' என்ற அலுவலகத்துக்குப் போயிருந்தது. அங்கிருந்த தனி அலுவலர் செம்பியன் உடனே ஓர் ஆணை பிறப்பித்தார்: 'மேற்படி இதழை முழுமையாக ஆய்வு செய்ததில், அந்நிய ஆட்சியைத் தீர்ப்பு வழங்க இயலாதவாறு செய்த பெயர் தெரியாத மாவீரருக்குத் தோரணவாயில் அமைக்க உத்தேசிக்கப்பட்டுள்ளது. வாரிசுகள் உரிய ஆவணங்களுடன் அணுகவும்.'

ஒரே வாரத்தில் ஏழு குடும்பம் திருட்டுக்கு உரிமை கொண்டாடியது. மேல்பட்டாம்பாக்கம் பூவராகன் ஒருபடி மேலே போய், தாத்தாவின் கையில் பல்செட்டை வரைந்து பிளெக்ஸே வைத்துவிட்டார்.

சபாபதியை நடுங்கவைத்தது ஒரே ஒரு கடிதம். திருவதிகையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை கொளஞ்சியம்மாள் எழுதியிருந்தார்: 'இதழைக் கடைசிப் பக்கம்வரை ஒரு வரி விடாமல் படித்தேன். குடும்ப விஷயத்தை ஊரறியச் சொல்ல ஒரு மனசு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருகிறேன்.'

பதினோரு வருஷமாக ஏங்கிய வாசகர் கடிதம் இப்படியா வர வேண்டும்! ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருவரும் வரவில்லை.

திங்கட்கிழமை தனிப்பிரிவில் விசாரணை. இதழாசிரியர் என்று சபாபதியையும் கூப்பிட்டிருந்தார்கள். வாரிசுகள் ஏழு பேரும் குளித்து, பொட்டு வைத்து, கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"திருடுனதுக்கு வி.ஏ.ஓ. சான்று வாங்கியாந்தீங்களா?" என்றார் செம்பியன்.

ராமாமிர்தம் பவ்யமாக நீட்டினார். 'மேற்படி நபர் திருடியதாக அக்கம்பக்கத்தில் நல்லபடியாகவே சொல்கிறார்கள்' என்று அதில் இருந்தது.

"இது சரி. எங்க தாத்தா யோக்கியர்னு ஒருத்தர் எழுதியாந்திருக்காரு. அதை அப்பவே தள்ளிட்டேன்."

சபாபதிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எழுந்தார். "சார், திருடன் யாருன்னு நான் எழுதிட்டேன். ஆணையில முழுமையா ஆய்வு செஞ்சதா போட்டிருக்கீங்களே. முப்பத்திரண்டாம் பக்கத்தைப் பாருங்க!"

அலுவலகத்தில் இதழைத் தேடினார்கள். ஜன்னல் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்திருந்தது. எடுத்துத் தூசி தட்டி, செம்பியன் முப்பத்திரண்டாம் பக்கத்தை உரக்கப் படித்தார்.

"எங்கள் அன்புச் செல்வி தமிழினியின் காதணி விழா. நிகழும் மங்களகரமான ஞாயிற்றுக்கிழமை. தாய்மாமன் சீர்வரிசை காலை ஒன்பது மணி. சுற்றமும் நட்பும் சூழ வருக."

சபாபதி இதழைப் பிடுங்கிப் பார்த்தார். அச்சகத்தில் பக்கம் மாறியிருந்தது. நூற்றுநாற்பது பிரதியிலும் இதேதான். சந்தாதாரர் ஒருவரும் கவனிக்கவில்லை, அலுவலகம் கவனிக்கவில்லை, ஆசிரியரான தானும் கவனிக்கவில்லை. கொளஞ்சியம்மாள் ஞாயிற்றுக்கிழமை எங்கே போனார் என்பது இப்போது விளங்கியது. சொல்லிவைத்தது போல அந்த அம்மாவே போனில் வந்தார்.

"சார், விருந்து ரொம்ப நல்லாருந்துச்சு. உங்களத்தான் காணோம். ஆனா திருடன் யாருன்னு கடைசி வரைக்கும் நீங்க சொல்லவேயில்லியே?"

சபாபதி போனை வைத்தார். பதினோரு வருஷத்தில் ஒருத்தராவது முழுக்கப் படித்திருக்கிறார்! அந்த வேகத்தில் செம்பியன் பக்கம் திரும்பிச் சொல்லியேவிட்டார்: "சார், திருடுனது எங்க தாத்தா சுப்புராயன்!"

செம்பியன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எட்டாவது மனு. எழுதிக் குடுங்க."

"மனு இல்லீங்க, உண்மை! இதோ பல்செட்டு!" மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து மேஜையில் வைத்தார்.

செம்பியன் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே எண் ஒட்டிய மூன்று பல்செட்டுகள் வரிசையாக இருந்தன. நாலாவதாக இதையும் வைத்து எண் ஒட்டினார். "மத்த மூணும் பளிச்சுன்னு இருக்கு. உங்களுதுல ஒரு பல்லு ஜாஸ்தியா ஆடுது. வி.ஏ.ஓ. சான்று இருக்கா?"

"இல்ல."

"பத்திரிகையில ஆதாரம் இருக்கா?"

"இருந்துச்சு... காதணி விழா..."

"நிராகரிக்கப்படுகிறது."

தாத்தாவைத் திருடன் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று மூன்று மாதம் தூங்காத மனிதர், அலுவலகத்து நடையில் நின்று தொண்டை கிழியக் கத்தினார்: "எங்க தாத்தாதான் திருடன்! வேற எவனும் கெடையாது! மேல்முறையீடு பண்ணுவேன்!"

வாரிசுகள் ஏழு பேரும் பரிதாபமாகப் பார்த்தார்கள். ராமாமிர்தம் மெல்ல வந்து அவர் தோளில் கைபோட்டார்.

"விடுங்க சார், மனசைத் தேத்திக்குங்க. உங்களுது நல்ல குடும்பம்தான். ஆனா இதுக்கெல்லாம் ஒரு குடுப்பினை வேணும். அப்புறம் சார், அடுத்த இதழ் படிச்சேன். இதைவிடப் பிரமாதம்!"

அடுத்த இதழை சபாபதி இன்னும் எழுதவே ஆரம்பிக்கவில்லை.