பெரணிக்கு நேட்டிவிட்டி

விருத்தாசலத்தில் வெயில் அதிகம் என்பதை எந்த அலுவலகமும் இதுவரை எழுத்துமூலம் ஒப்புக்கொண்டதில்லை. ஆகவே, பெரிய அதிகாரி ஒருவர் குடும்பத்தோடு கொடைக்கானல் போய்த் திரும்பிய மறுவாரம், 'அலுவலகந்தோறும் குளுமையான நிழலில் நேட்டிவ் பெரணித் தோட்டம் வெள்ளிக்கிழமைக்குள் அமைக்கப்பட வேண்டும்' என்று சுற்றறிக்கை வந்தபோது, சான்றிதழ் அலுவலகத்தில் யாரும் சிரிக்கவில்லை.

கொளஞ்சிக்கு இதெல்லாம் தெரியாது. பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்க்கும் அவருக்கு ஒரே கவலைதான். மகள் தமிழினிக்குக் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. அதே வெள்ளிக்கிழமைக்குள் பிறப்பிடச் சான்று, அதாவது நேட்டிவிட்டி, கொடுக்காவிட்டால் இடம் போய்விடும். ஆறு வாரம் நடையாய் நடந்ததில் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் போனபோது அதிகாரி ஆதிநாராயணன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"பெரணின்னா என்னன்னே தெரியலய்யா. பூக்காதாம், காய்க்காதாம். எலை மட்டும் சீப்பு மாதிரி இருக்குமாம்."

"அதுங்களா? எங்க வூட்டுத் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி இருக்குதுங்க சார். வெயிலே படாத எடம். ஈரம் காயாம பாத்துக்கறேன்."

ஒரு மணி நேரத்தில் பெரணி அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. அதிகாரி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சுற்றறிக்கையில நேட்டிவ்வுன்னு போட்டிருக்குதே. அப்ப நேட்டிவிட்டி வேணுமே?"

"செடிக்கா சார்?"

"நாளைக்கு ஆடிட்டுல இது வேற மாநிலத்துப் பெரணின்னு சொன்னா, என் பென்ஷன் இல்ல போவும்?"

நியாயந்தான். எழுத்தர் கனகா விசாரணையைத் தொடங்கினார். விண்ணப்பதாரர் பெயர், பெரணி. தகப்பன் பெயர்?

"வெதையே கெடையாதும்மா. தானா மொளச்சது."

"அந்தக் கட்டத்தைக் காலியா வுட்டா கம்ப்யூட்டரு ஏத்துக்காதுங்க. யாரு வளத்தது?"

"நான்தான்."

'த/பெ கொளஞ்சி' என்று ஏறியது. அங்க அடையாளம், இலைக்கு அடியில் வரிசையாகப் பழுப்பு மச்சம். இருபதே நிமிஷத்தில் பச்சை மையில் கையெழுத்து விழுந்தது.

கொளஞ்சி அந்தச் சான்றை எட்டிப் பார்த்தார். "ஆறு வாரமா எம்பொண்ணுக்குக் கேக்கறேனே சார்!"

"கூடப் பொறந்தவங்க யாருக்காச்சும் நேட்டிவிட்டி இருக்குதா?" என்றார் கனகா. "இருந்தா விசாரணையே வேணாம், ஒடனே குடுத்துரலாம்."

கொளஞ்சி பெரணியைப் பார்த்தார்.

"இருக்குதும்மா. மூத்தது."

ஐந்து நிமிஷத்தில் தமிழினி, பெரணியின் உடன்பிறந்த தங்கை என்ற முறையில், விருத்தாசலத்துக்காரி ஆனாள்.

இப்படி ஒரு வழி இருப்பது ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? மறுநாள் அலுவலக வாசலில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். கோவிந்தராசு பெரணிக்குச் சித்தப்பா. பூவாயி அத்தை. வேப்பூரிலிருந்து பஸ்ஸேறி வந்த பிரவீன்குமார் ஒன்றுவிட்ட அண்ணன். ஒருத்தருக்குக் கொடுத்துவிட்டு இன்னொருத்தருக்கு மறுக்க விதியில் இடமில்லை. உறவினர்கள் இலையைத் தொட்டு உறுதிமொழி கூறவும், கூடவே செல்ஃபி எடுத்துக்கொள்ளவும் வசதியாக, பெரணி வாசல் வெயிலுக்கு மாற்றப்பட்டது.

வெள்ளிக்கிழமை மகளைக் காலேஜில் சேர்த்துவிட்டு, இனிப்புப் பொட்டலத்தோடு கொளஞ்சி வந்தார். பெரணி அப்பளமாய்க் காய்ந்து கிடந்தது.

"ஒருத்தராச்சும் இதுக்குத் தண்ணி ஊத்துனீங்களாய்யா?" என்று ஆதிநாராயணன் கத்தினார்.

முந்நூற்றுப் பன்னிரண்டு சொந்தக்காரர்கள். ஒருத்தர்கூட ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றவில்லை. எல்லாரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள்.

அதிகாரி கோப்பைத் திறந்து எழுதினார்: 'மேற்படி பெரணி, உற்றார் உறவினர் சூழ, இயற்கை எய்தியது.' பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"வாரிசுச் சான்று யாருக்குய்யா வேணும்?"

எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கூட்டம் முண்டியடித்தது.

"பெத்தவன் நான் இருக்கறப்ப நீங்கெல்லாம் யாருய்யா?" என்று எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார் கொளஞ்சி.