சரவெடி பிரித்த வார்த்தைகள்

விருதுநகர் மாவட்டத்தின் மொத்தப் பட்டாசையும் ஒரே மைதானத்தில் குவித்துக் கொளுத்தினாலும், எங்கள் இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலில் சரவெடி ஒரு நீளமான ஆங்கில வார்த்தையைச் சொல்லும் சத்தத்துக்குப் பக்கத்தில் வராது.

சரவெடி என்பது என் தோழிக்கு ஹாஸ்டல் வைத்த பட்டப்பெயர். சாத்தூர்க்காரி. அம்மா பட்டாசு ஆலையில் சரம் பின்னுபவர். ஆங்கில வார்த்தையும் ஒரு சரம்தான் என்பது மகளின் கட்சி.

"முழுசாப் பாத்தாத்தேன்டீ பயம். பிரிச்சுப் போடு, எல்லாம் பொடி வெடி. ஒண்ணே ஒண்ணுதேன் அணுகுண்டு. 'ஷன்'னு வால் இருந்தா, வாலுக்கு முந்துனதுதேன் குண்டு."

சொல்லிவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து அடிப்பாள். டப், டப், டப், டமார், டப். எங்கள் பாடப்பிரிவின் பெயர் அது: இன்ஸ்ட்ருமென்டேஷன். ஒரே வாரத்தில் மெஸ் முழுக்கத் தட்டு அடித்தது. சமையல்கார அண்ணன் சாம்பார் கேட்கிறோம் என்று வாளியோடு ஓடி வந்தார்.

ஒருமுறை சூலக்கரைக்குப் பஸ்ஸில் போகும்போது, வழியில் ஏதோ போர்டில் 'அட்மினிஸ்ட்ரேஷன்' கண்ணில் பட்டுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே கையை விட்டுத் தகரத்தில் அடித்தாள். டிரைவர் பிரேக் போட்டுவிட்டார்.

"யாருத்தா தட்டுனது? இங்கன எதுக்கு இறங்கணும்?" என்றார் கண்டக்டர்.

"இறங்கலண்ணே. போர்டு படிச்சேன்."

"மனசுக்குள்ள படிக்க மாட்டீகளோ?"

மாட்டாள். அடிக்காமல் அவளுக்கு வார்த்தை வராது. கேம்பஸ் இன்டர்வியூ நெருங்கியபோது அதுவே என் கவலை. வேலை கிடைத்தால் அடுத்த சீசனுக்கு அம்மா ஆலைக்குப் போகக் கூடாது என்று அவள் முடிவு செய்திருந்தாள். ஆகவே நிபந்தனைகள் போட்டேன்.

"ஒண்ணு, ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு உக்காரு. ரெண்டு, மேசையப் பாக்காத. மூணு, மறுபடியும் ஒண்ணு."

அவளுக்கு அடுத்த ஆள் நான். கதவு பாதி திறந்திருக்க, வெளியே இரும்பு நாற்காலியில் காத்திருந்தேன்.

"எந்த பிராஞ்ச்?" என்று உள்ளே கேட்டார்கள்.

"இன்... இன்ஸ்ட்..."

அவ்வளவுதான். நாலு வருஷம் படித்த படிப்பின் பெயர் வரவில்லை. கைகள் தொடைக்கு அடியில் அசையாமல் கிடந்தன. பாவி, என் பேச்சை அவள் கேட்ட ஒரே நாள் அது.

"தண்ணி குடிக்கிறீங்களா?"

ஹாஸ்டலிலேயே அமைதியான பெண் என்று பெயர் வாங்கியவள் நான். எழுந்து நின்று, உட்கார்ந்திருந்த நாற்காலியை அடித்தேன். டப், டப், டப், டமார், டப்.

"இன்ஸ்ட்ருமென்டேஷன், சார்!" உள்ளே அவள் குரலில் கூரை அதிர்ந்தது.

ஒருவர் வெளியே எட்டிப் பார்த்தார். "என்னம்மா சத்தம்?"

"பட்டாசு, சார்."

இந்த ஊரில் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

அவளுக்கு வேலை கிடைத்தது. அம்மா வீட்டில் இருக்கிறார். மகள் போடும் சத்தத்துக்கு ஆலையே தேவலை என்கிறாராம். எனக்கு வேறு கம்பெனி, ஓசூரில். மீட்டிங்கில் நீளமான வார்த்தை வந்தால் மேசைக்கு அடியில் முழங்காலைத் தட்டிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் மனசுக்குள்ளேயே படிக்கிறார்கள். அமைதி தாங்கவில்லை.