மூன்று மீட்டரும் ஒரு மச்சினனும்

ஜன்னலோர நாற்காலியில், கதாநாயகன் என்ற உரிமையோடு மச்சினன். சோபாவின் ஓரத்தில் மனைவி, மடிக்க வேண்டிய துணிக்குவியலோடு. மேஜையருகே ஸ்டூலில் குமாஸ்தா. மேஜையில் விரித்த செய்தித்தாளின் மேல், வெளிச்சத்தை அளந்து சொல்லும் லைட் மீட்டர்கள் மூன்று.

பழைய கேமராச் சாமான் விற்கும் வெளியூர்க் கடைக்காரர், பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பச் சொல்லி அனுப்பியிருந்தார். மூன்றும் மலிவு ரகம்தான். ஒன்றுக்கு பேட்டரியே வேண்டாம், முள் மட்டும் ஆடும். ஒன்று எண் காட்டும். மூன்றாவதன் தலையில் ஒரு வெள்ளைக் குமிழ்.

குமாஸ்தாவிடம் ஒரு சினிமா கேமராவும் இரண்டு ரோல் ஃபிலிமும் இருந்தன. மாசக் கடைசிக்குள் குறும்படப் போட்டிக்குப் படம் போய்ச் சேர வேண்டும். வெளிச்சக் கணக்கு தப்பினால் ரோல் பாழ். மூன்றாவது ரோல் என்ற பேச்சையே அந்த வீட்டில் எடுக்க முடியாது. ஆனாலும் அவர் அசரவில்லை. எந்த ஆபீஸ் ஃபைலையும் மூன்று தரம் சரிபார்க்காமல் மேலே அனுப்பாத மனிதர்.

"அசையாம உக்காரு," என்று மச்சினன் பக்கம் முள் மீட்டரை நீட்டினார். நாலு என்றது. எண் மீட்டர் எட்டு என்றது. குமிழ், அஞ்சு புள்ளி ஆறு.

"ஒரே மூஞ்சிக்கு மூணு விலையா?" என்றாள் மனைவி.

"கறுப்புச் சட்டை குழப்புது. போய் வெள்ளை போட்டுட்டு வாடா."

வெள்ளைச் சட்டை வந்தது. குமிழ் மட்டும் சொன்ன சொல்லில் நின்றது; மற்ற இரண்டும் எகிறின.

"ஜன்னல் வெளிச்சம் அதிகம்," என்று திரையை இழுத்தார். முள் படுத்துக்கொண்டது. தட்டினார், குலுக்கினார், எழுந்திருக்கவில்லை. சரியென்று வீட்டிலிருந்த மேஜை விளக்குகளை எல்லாம் கொண்டுவந்து ஒரே பிளக்கில் சொருகினார். மச்சினனுக்கு வேர்த்து வழிந்தது. மனைவி இஸ்திரிப் பெட்டியைப் போட்டாள். பட்டென்று ஃபியூஸ் போய் வீடே இருண்டது.

இருட்டில் மூன்று மீட்டரும் முதல்முறையாக ஒத்துப்போயின.

"இப்ப ஒற்றுமையா இருக்கே, இதுல ஒண்ண எடுத்து வச்சுக்குங்களேன்," என்றது சோபா.

"எடுத்தே பாத்துடுவோம்," என்றார் குமாஸ்தா நிதானமாக. "ஒரு ரோல் சோதனைக்கு, ஒரு ரோல் படத்துக்கு."

மறுநாள் காலை சோதனை. ஒரே இடத்தில் எடுத்தால் அது சோதனையே அல்ல என்பது அவர் கட்சி. ஆகவே நாற்காலிக்கு முள், ஜன்னலுக்கு எண், வாசலுக்குக் குமிழ்.

"பொம்மை மாதிரி நிக்க எனக்கு வராது மாமா. நம்ம கதையில வர்றதையே செஞ்சு காட்டுறேன்."

"ஏதோ செய். வெளிச்சம் விழுந்தா சரி."

அவன் நாற்காலியில் உட்கார்ந்து கெட்ட சேதி படித்தான். ஜன்னலில் நின்று வராத ஆளுக்காகக் காத்திருந்தான். பையைத் தூக்கிக்கொண்டு வாசல் தாண்டினான். மடித்த துணியோடு அக்கா கதவருகே வந்து நிற்க, திரும்பிப் பார்க்காமல் தெருக்கோடி வரை நடந்தான். ரோல் தீர்ந்தது.

அடுத்த வாரம், ஃபிலிம் கழுவக் கொடுத்திருந்த லேப்காரரே ரோல் டப்பாவைக் கொண்டுவந்தார்.

"முழுசா ஓட்டிப் பாத்தேன் சார். மூணும் தேவலாம். கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் ஃபிலிம் தாங்கிக்கும்."

குமாஸ்தா மனைவியை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப முள்ளுதான். பேட்டரிச் செலவு கிடையாது."

"இருட்டுனா படுத்துக்குமே."

"நம்ம கதை பகல்லதான் நடக்குது. ஞாயித்துக்கிழமை ஷூட்டிங். டேய், தயாரா இரு."

அங்கேயே உட்கார்ந்து கடிதம் எழுதினார்: 'மூன்றையும் முறைப்படி பரிசோதித்ததில், முள் உள்ளதையே வைத்துக்கொள்ளத் தீர்மானித்துள்ளேன். மற்ற இரண்டும் தனிப் பார்சலில் வருகின்றன.' உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினார். லேப்காரரோடு தெருமுனை வரை நடந்துபோய்த் தபால்பெட்டியில் போட்டார். உள்ளே விழுந்த சத்தத்தையும் கேட்டுக்கொண்டார்.

லேப்காரர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

"அந்த அக்கா கதவுகிட்ட நிக்கிற இடத்துல என் வீட்டுக்காரி அழுதுட்டா சார். படம்தான் இவ்வளவு நல்லா முடிஞ்சிருச்சே, இனிமே உங்களுக்கு மீட்டர் எதுக்கு?"