விபூதி தின்ற லேப்டாப்

வந்த வியாபாரத்தைத் துரத்தியடித்தே கடை நடத்திய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில் கம்ப்யூட்டர் பழுது பார்த்தார். நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. ‘போதும்’ அண்ணன் கடை என்றால் ஆட்டோக்காரர் நேரே வாசலில் இறக்கிவிடுவார்.

லேப்டாப் எங்கள் ஊருக்குள் நுழைந்த புதிது. எவனைப் பார்த்தாலும் பவர் பவர் என்று அலைந்தான். எதற்கென்று கேட்டால் முழிப்பான். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வேர்க்கடலை வியாபாரி வந்தார்.

“இருக்கறதுலயே பவர் ஜாஸ்தியா ஒண்ணு சொல்லுங்க.”

“நேத்து கம்ப்யூட்டர்ல என்னா பண்ணீங்க?”

“பொண்ணு கல்யாண வீடியோ பார்த்தேன். சீட்டு ஆடினேன்.”

“முந்தாநேத்து?”

“அதே வீடியோதாங்க.”

“இருக்கறதே போதும். கெளம்புங்க.”

ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவருக்கும் இதே விசாரணைதான். அவர் தமிழில் ஒரே ஒரு வார்த்தை கற்றுக்கொண்டு திரும்பினார்.

எனக்கு இந்த ஆளைக் கண்டாலே ஆகாது. என்ன செய்வது, என் மகள் கவிதாவின் லேப்டாப் படுத்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் இன்ஜினியரிங் படித்த முதல் ஆள் அவள். பௌர்ணமிக் கூட்டத்தில் எந்த ஊர் பஸ் எந்தத் தற்காலிக நிலையத்தில் நிற்கும் என்று சொல்லும் புரோகிராமைத் தானே எழுதியிருந்தாள். திங்கட்கிழமை தேர்வாளர்கள் முன் அதை ஓட்டிக் காட்ட வேண்டும். லேப்டாப்போ பத்து நிமிடத்தில் அணைந்தது. “சாதா லேப்டாப்புடி, தாங்காது” என்று தோழிகள் வேறு பயமுறுத்திவிட்டார்கள். ஓடாவிட்டால் நாலு வருடப் படிப்பு தொங்கலில்.

அவளையும் லேப்டாப்பையும் கூட்டிக்கொண்டு போய்க் கத்தினேன். “யோவ், இதுக்காவது போதாதுன்னு சொல்லுய்யா!”

என்னை அவர் மதிக்கவே இல்லை. கவிதாவிடம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். “இதுக்குத் தாராளமா போதும்மா.”

“அப்புறம் ஏன்யா நின்னு நின்னு போவுது?”

திருகாணிகளைக் கழற்றி, செய்தித்தாள் மேல் கவிழ்த்துத் தட்டினார். பொலபொலவென்று விபூதி கொட்டியது. ஒரு பஜனை கோஷ்டிக்கே பூசலாம்.

“யாரு வேலை இது?”

கவிதா என்னைப் பார்த்தாள். தினமும் காலையில் பூஜை முடித்து அதற்கும் ஒரு சிட்டிகை பூசுவேன். வெள்ளிக்கிழமை இரண்டு சிட்டிகை.

“நல்லா ஓடணும்னுதான்...” என்றேன். என் வாழ்க்கையில் மெதுவாகப் பேசியது அன்று ஒருநாள்தான்.

“அது மூச்சு விடற ஓட்டையில கொட்டினா எப்படிங்க ஓடும்? பவர் கம்மியில்ல, உங்க பக்திதான் ஜாஸ்தி!”

திங்கட்கிழமை மத்தியானம் ‘போதும்’ அண்ணன் எங்கள் வாசலில் சைக்கிளைச் சாத்தக்கூட நேரமின்றிக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். “ரெண்டு மணி நேரம் நிக்காம ஓடிச்சாம்ங்க! கேள்வி கேக்க வந்தவங்களே அவங்கவங்க ஊர் பஸ்ஸைத் தட்டித் தட்டிப் பார்த்தாங்களாம்! இப்பதான் போன் பண்ணுச்சு நம்ம பொண்ணு!”

பெற்றவன் என்னை விட்டுவிட்டு முதல் போன் அவருக்கா? வேறு யாராக இருந்தாலும் சட்டையைப் பிடித்திருப்பேன். அந்த மனிதருக்குப் பின்னால் இரண்டாவதாக நிற்பது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.