வராத வெள்ளத்துக்குக் கோடு போட்டவர்

மழை பெய்தால் உலகத்தில் எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள். தரையைப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் நாலா சார்தான். அவர் ஒரு தடவை நிமிர்ந்து மேகத்தைப் பார்த்ததாகக்கூட என் டைரியில் குறிப்பு இல்லை. பால் திரிந்த நாளிலிருந்து பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்ட நாள் வரை எழுதி வைக்கிறவன் நான். அவர் அண்ணாந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

செகந்திராபாத்தை அடுத்த குஷாய்குடாவில் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த சிலர் சேர்ந்து, கொஞ்சம் தள்ளி மனை வாங்கி வீடு கட்டிக்கொண்ட காலனி எங்களுடையது. மேட்டில் ஒரு வரிசை, பள்ளத்தில் ஒரு வரிசை. பள்ளத்து வரிசையை ஒட்டி ஒரு பெரிய சாக்கடைக் கால்வாய் ஓடியது. அந்த ஊர்ப் பேச்சில் அதற்கு நாலா என்று பெயர். கால்வாயின் பெயர் இவருக்கும் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. கல்யாணப் பத்திரிகையில்கூட 'திரு. நாலா சார் குடும்பத்தினர்' என்று எழுதித்தான் கொடுப்பார்கள்.

திருநெல்வேலிக்காரர். தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. வெளியே போகிற மின்கருவிப் பெட்டி ஒவ்வொன்றையும் திறந்து, அதில் எது கெட்டுப்போகக்கூடும் என்று தேடுவது அவர் வேலை. மாலையில் அடையாள அட்டையைக் கழற்றி வைப்பாரே தவிர, அந்தக் கண்ணைக் கழற்றி வைக்க மாட்டார்.

புது வீடு எதற்குப் போனாலும் குடிக்க ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பார். பாதி குடிப்பார். மீதியைக் கூடத்தின் நடுவில் ஊற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் வாயடைத்துப் பார்ப்பார்கள்.

"ஒண்ணுமில்ல, தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்தேன். உங்க வீட்டுல வாசலுக்குப் போவாம அடுப்படிக்குல்லா போவுது!"

இப்படி மூன்று கிரகப்பிரவேசங்களில் சாப்பாடு போடாமல் அனுப்பியிருக்கிறார்கள். தங்கை மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போலாரத்துக்குப் போனவர், பையனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கூடத்தில் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் நேராகப் பையனின் கட்டிலுக்கு அடியில் போய் நின்றது. "இந்த இடம் வேண்டாம்" என்று எழுந்துவிட்டார். பையனின் அப்பா செகந்திராபாத் பஸ் நிறுத்தம் வரைக்கும் பின்னாலேயே வந்து காரணம் கேட்டாராம்.

எழுபத்தேழு நவம்பரில் ஆந்திரக் கடற்கரையில் பெரும் புயல் அடித்தது. அடுத்த பிப்ரவரியில் சட்டசபைத் தேர்தல். நடுவில் சுமார் மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் தொழிற்சாலை பஸ்ஸில் இதே பேச்சுதான். புயலுக்கு யார் உடனே போனார்கள், யார் போகவில்லை, அதற்கு ஜனங்கள் ஓட்டில் என்ன பதில் சொல்வார்கள் என்று ஆளுக்கொரு கணக்கு. நாலா சார் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியிலிருந்த சாக்கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"நீங்க என்ன சொல்றீங்க சார்?" என்று கேட்டேன்.

"புயலுக்குப் பொறவு சோத்துப் பொட்டலம் கொண்டுபோனவன் மொகம் எல்லாருக்கும் தெரியும் வே. புயலுக்கு முன்னால கரைய ரெண்டடி ஒசத்துனவன் எவனாவது இருந்தா, அவன் பேரு உம்ம டைரியிலயாவது இருக்கா?"

இல்லை. தேர்தலில் அப்போதிருந்த மாநில அரசு தோற்றது. புயலால் தோற்றதா, வேறு நூறு காரணங்களாலா என்று சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் அந்தக் கேள்வி மனதில் தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு வந்த ஓர் ஆகஸ்டில், வெள்ளிக்கிழமை மதியம் தொடங்கிய மழை சனிக்கிழமை காலை வரை விடவில்லை. நாலா பொங்கிப் பள்ளத்து வரிசைக்குள் வந்துவிட்டது. எங்கள் வீடும் அந்த வரிசைதான். முழங்காலுக்கு நாலு விரல் கீழே தண்ணீர். ஏழு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு நானும் மனைவியும் கட்டில் மேல் உட்கார்ந்திருந்தோம். ஸ்டவ் மிதந்து போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

அப்போது தலையில் ஒரு பெரிய அலுமினியப் பாத்திரத்தோடு, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தார் கேண்டீன் சூப்பர்வைசர். செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம். பாத்திரத்தில் ரொட்டியும் பால் பாட்டில்களும்.

"காசு நக்கோ சார், நக்கோ! மொதல்ல பாப்பாவுக்குப் பால் குடுங்க. அம்மா, ரொட்டி பிடிங்க!"

அங்கே வேண்டாம் என்பதற்கு நக்கோ, ரொட்டிக்கு டபல் ரொட்டி என்று பெயர். அன்று மாலைக்குள் அவருக்கும் அதே பெயர் ஆகிவிட்டது.

அந்த நேரத்தில் நாலா சார் எங்கே இருந்தார்? சாலைப் பாலத்துக்கு அடியில், குழாயின் வாயில், மார்பளவு தண்ணீரில். அடைத்துக்கொண்டிருந்த ஒரு பஞ்சு மெத்தையையும் இரண்டு சைக்கிள் டயர்களையும் ஒருவராகவே இழுத்துப் போட்டிருக்கிறார். பிறகுதான் தண்ணீர் வடியத் தொடங்கியது. யாரும் பார்க்கவில்லை. சேறு பூசிக்கொண்டு காலனிக்குள் வந்தவரைத் திருடன் என்று நினைத்து நாய் துரத்தியது. டபல் ரொட்டியிடம் போய் நின்றபோது பாத்திரம் காலி.

"தீர்ந்துபோச்சே சார். நீங்க கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?"

அடுத்து வந்த ஜனவரியில் காலனிச் சங்கத்துக்குத் தேர்தல். பழைய காரியதரிசி மேட்டு வரிசைக்காரர். வெள்ளத்தன்று குடை பிடித்துக்கொண்டு மேட்டிலேயே நின்று, "தண்ணி எவ்வளவு இருக்கு?" என்று கத்திக் கேட்டவர். அந்த ஒரு கேள்விக்காகவே பள்ளத்து வரிசை மொத்தமும் அவருக்கு எதிராகத் திரண்டது. டபல் ரொட்டிக்கு அப்போது பதவி ஆசை வரவில்லை. சாக்கடை என்ற சொல்லோடு சம்பந்தப்பட்ட ஒரே ஆள் நாலா சார். ஜெயித்துவிட்டார்.

இரண்டு வருடம் அவர் செய்தது ஒரே வேலைதான். ஞாயிறுதோறும் ஆள் வைத்துத் தூர் வாரினார். ஆள் வராத ஞாயிறு அவரே இறங்கினார். சங்கத்தின் ஆண்டுவிழா மறந்துபோயிற்று. பேட்மிண்டன் வலை கிழிந்தது கிழிந்தபடி கிடந்தது. தெருவிளக்கு இரண்டு எரியவில்லை என்று புகார் சொன்னால், "இருட்டுல தண்ணி வராது வே, பள்ளத்துலதான் வரும்" என்பார்.

இரண்டாம் வருட ஆகஸ்டில் மறுபடி அதே போல ஒரு மழை. பக்கத்துக் காலனியில் தண்ணீர் இடுப்பளவு நின்றது. டபல் ரொட்டி அங்கே பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். எங்கள் காலனியில் ஒரு செருப்புகூட நனையவில்லை. அன்று மாலை மழை விட்டதும் நாங்கள் மிளகாய் பஜ்ஜி போட்டுச் சாப்பிட்டோம். நாலா சாரை யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கும்தான்.

அடுத்த ஜனவரியில் டபல் ரொட்டி போட்டியிட்டார். நாலா சார் முகம் முதல் தடவையாகக் கவலையாக இருந்ததைப் பார்த்தேன்.

"பாலத்துக்கு அடியில இருக்க கொழா சின்னது வே. அதப் பெருசாக்கச் சொல்லி மனு குடுத்து, பாதிக் கெணறு தாண்டியாச்சு. இன்னும் ரெண்டு வருசம் நான் இருந்தா முடிஞ்சிரும். இல்லன்னா என்னைக்காவது ஒருநாள் பள்ளத்து வரிசை மறுபடி முங்கும். பச்சப் புள்ளைய இருக்க வீடுல்லா?"

"ஓட்டுக் கேக்கணும்னா நீங்க செஞ்சதைக் காட்டணும் சார்."

"செஞ்சது என்ன? தண்ணி வரல. வராதத எப்படிக் காட்ட?"

இரண்டு பேரும் யோசித்தோம். இன்ஸ்பெக்‌ஷன்காரரும் டைரிக்காரனும் சேர்ந்து யோசித்தால் எது வருமோ அதுதான் வந்தது. முதல் வெள்ளம் எங்கள் வீட்டில் எவ்வளவு உயரம் நின்றது என்று என் டைரியில் இருந்தது. இரண்டாவது மழையும் அதற்குக் குறைந்ததல்ல. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை வாங்கினோம். ஒரு முனையை அவரும் மறுமுனையை நானும் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய், வராத வெள்ளம் வந்திருந்தால் எதுவரை வந்திருக்குமோ அந்த உயரத்தில், முன்சுவரில் செங்காவியால் கோடு போட்டோம்.

ஜனவரி மாதம். கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் என்று எல்லோரும் அப்போதுதான் சுவருக்கு டிஸ்டெம்பர் அடித்திருந்தார்கள் என்பது இரண்டு பேர் மூளையிலும் உறைக்கவில்லை. முதலில் வெளியே வந்தவர் ஸ்டெல்லா டீச்சர்.

"கைக்கு சார் சுவத்துல கோடு?" எதற்கு என்பதை அந்த ஊரில் 'கைக்கு' என்பார்கள்.

"போன ஆகஸ்டு மழைக்கு உங்க வீட்டுல தண்ணி இந்த மட்டுக்கும் வந்திருக்கணும் டீச்சர்."

"வந்துச்சா?"

"வரல."

"அப்ப கைக்கு கோடு?"

"வரலங்கதக் காட்டத்தான்."

டீச்சர் என்னைப் பார்த்தார். "இவருக்குத்தான் ஒண்ணும் தெரியல. நீங்க படிச்சவர்தானே? வராத தண்ணிக்குக் கோடு போட்டா, வராத திருடனுக்கு எங்க கோடு போடுவீங்க?" டீச்சரின் மகன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "நீள்ளு ராலேது கதா, அங்கிள்!" என்று தன் பங்குக்குத் தெலுங்கில் சொல்லிவிட்டுப் போனான். தண்ணீர்தான் வரவில்லையே என்று.

சாயங்காலத்துக்குள் காலனி முழுவதும் செய்தி: நாலா சார் எல்லோர் சுவரையும் பாழாக்கிவிட்டார். மறுநாள் டபல் ரொட்டியே ஒரு வாளி டிஸ்டெம்பரோடு வந்து கோடுகளை அழித்துக் கொடுத்தார். அந்த நிமிடமே தேர்தல் முடிந்துவிட்டது. ஓட்டுப் பெட்டி வைத்தது சும்மா ஒரு முறைக்காக.

எங்கள் சங்கத்தில் அச்சடித்த சீட்டு கிடையாது. துண்டுக் காகிதத்தில் பெயரை எழுதிப் பெட்டியில் போட வேண்டும். எண்ணியபோது, பள்ளத்து வரிசையே நாலா சாரைக் கைவிட்டிருந்தது தெரிந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஆத்திரமாகச் சொன்னேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ யாருக்குப் போட்டே?"

"டபல் ரொட்டிக்கு."

"ஏன்டீ, நம்ம வீட்டுக்குள்ள தண்ணி வராம இருந்ததே அவராலதானே?"

"இருக்கலாம். ஆனா கட்டில் மேல குழந்தை பாலுக்கு அழுதப்போ கதவைத் திறந்துக்கிட்டு வந்தவர் இவர். நான் கண்ணால பாத்தது அதைத்தான். நாலா சாரை நான் எங்க பாத்தேன்? செவுத்துல கோடு போடறப்போதான் பாத்தேன்."

அவள் சொன்னதை அப்படியே அன்றைய டைரியில் எழுதி வைத்தேன்.

அடுத்த ஞாயிறு பாலத்துப் பக்கம் போனால் நாலா சார் வழக்கம்போலக் கால்வாய்க்குள் நிற்கிறார். வருத்தமா என்று கேட்டேன்.

"நம்ம செக்‌ஷன்ல பாஸாகிப் போன பெட்டிய எவனாவது திருப்பிக் கொண்டாந்து, நல்லா ஓடுதுய்யான்னு சொல்லிட்டுப் போயிருக்கானா வே? கெட்டாத்தான் வருவான். வரலன்னா நல்லாருக்குன்னு நாமளே நெனச்சுக்கிட வேண்டியதுதான்."

ஆனால் அந்தக் குழாயை அவர் விடவில்லை. ஞாயிறுதோறும் தூர் வாரிய கையோடு டபல் ரொட்டியின் வாசலில் போய் நிற்பார். "மனு என்னாச்சு?" அவ்வளவுதான் கேட்பார். சேற்றோடு நிற்கிறவரை உள்ளே கூப்பிடவும் முடியாது, போகச் சொல்லவும் முடியாது. டபல் ரொட்டி திங்கட்கிழமை தோறும் அலுவலகம் அலுவலகமாக ஏறினார்.

அந்த வருட மழைக்காலத்தில் ஒருநாள், மாவு மில்லுக்குப் போன என் மனைவி தெப்பமாக நனைந்து திரும்பினாள். மாவு டின்னைக் கீழே வைத்துவிட்டு, தலையைக்கூடத் துவட்டாமல் நின்றாள்.

"பாலத்துக்கிட்ட நாலா சாரைப் பாத்தேன். நெஞ்சு வரைக்கும் தண்ணியில நின்னு எதையோ இழுத்துக்கிட்டிருக்கார். ஒரு ஆள் கூட இல்ல. 'பதவிதான் போயிடுச்சே, இன்னும் எதுக்கு சார்?'னு கத்திக் கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'எனக்குப் பதவி போச்சுன்னு தண்ணிக்கு யாரு தாயி சொல்லுவா?'ங்கறார். சிரிச்சுக்கிட்டே."

அவள் சிரிக்கவில்லை. ஃபிளாஸ்க்கில் காப்பியை ஊற்றி என் கையில் கொடுத்து, "ஓடுங்க" என்றாள்.

குழாய் ஒருவழியாக மாறியது. பூமிக்கடியில் கிடக்கும் குழாய்க்குத் திறப்புவிழா நடத்த முடியும் என்று டபல் ரொட்டிதான் கண்டுபிடித்தார். பாலத்தின் மேலே ரிப்பன், மைக், ஆளுக்கொரு பன், டீ. நாலா சார் விழாவுக்கு வரவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பாலத்துக்கு அடியில் இணைப்பைச் சரி பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை. டபல் ரொட்டியை எதிர்த்து ஸ்டோர்ஸ் பிரிவு இளைஞர் ஒருவர் நின்றார். ஓட்டு எண்ண என்னைப் போட்டார்கள். போன தடவை நாலா சாருக்காக அலைந்தவன் என்று ஒருவர் ஆட்சேபித்தபோது, டபல் ரொட்டியே, "நக்கோ பாபா, அவர்தான் எண்ணணும்" என்றார். நினைத்தபடி அவரே ஜெயித்தார். செல்லாத ஓட்டு இரண்டு. இரண்டிலும் போட்டியிடாத ஒருவரின் பெயர் இருந்தது. நாலா சார்.

ஒன்று நான் போட்டது. இன்னொன்றை விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். கொஞ்சம் இடப்பக்கம் சாயும் குண்டெழுத்து. மாதம் பிறந்தால் மளிகை லிஸ்டில் நான் பார்க்கிற எழுத்து. செல்லாத சீட்டுகளை அங்கேயே கிழித்துப் போட வேண்டும் என்பது சங்கத்து விதி. நான் கிழிக்கவில்லை.